பதில் சொல்லும் கம்பம்

1. குழிக்குள் தலைவர்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார வைக்கவில்லை. ஒரு குழியின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அதற்கு முன் பல வருடங்கள் பதுளையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தேன். தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் தேவைக்கு வரும். அதை வைத்துத்தான் 'ஸ்மார்ட் நகரம்' முன்னோடித் திட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. பதுளையிலும் ஹாலிஎல பக்கத்திலும் முக்கியமான சந்திகளில் புதுமாதிரிக் கம்பங்கள் நடுவதுதான் முதல் கட்டம். அலுவலகத்தில் அதற்கு ஸ்மார்ட் போல் என்று பெயர். உச்சியில் எல்.ஈ.டி. விளக்கு, அதற்குக் கீழே கேமரா, ஸ்பீக்கர், வைஃபை. இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்தில் இருப்பவர் அதை அழுத்தினால் பதுளை கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒருவர் பேசுவார். தமிழில் பேச வேண்டிய அந்த ஒருவர் நான்.

காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் பொறியியலாளர் ருவன் அழைத்தார். நல்ல மனிதர். தமிழைப் பிழையாகப் பேசினாலும் தயங்காமல் பேசுவார்.

"மிஸ், உடனே வாங்க. இங்க ஒரு ஐயா குழிக்குள்ள இறங்கி இருக்கிறது. வெளிய வாறது இல்ல."

ஹாலிஎலவுக்கு அப்பால், பிரதான வீதியிலிருந்து ஒரு தோட்டத்துக்குப் பாதை பிரிகிற சந்தி அது. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தங்களுக்கு ஏன் கம்பம் இல்லை என்று கேட்டு வருவார்கள். நான் போனபோது கம்பத்தைத் தூக்க வந்த பூம் ட்ரக் ஓரமாக நின்றது. கம்பம் தரையில் கிடந்தது. குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சுப்பையா உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து பார்த்தால் அவருடைய தலையும் தலைப்பாகையும் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் ஒரு பெருங்கூட்டம்.

"வணக்கம் தலைவர். நான் ரோஸ்லின். திட்டத்துலேருந்து வந்திருக்கேன். என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க."

"மொதல்ல அந்தப் போர்ட வாசிம்மா" என்றார் குழிக்குள்ளிருந்து.

வாசித்தேன். 'இச்சந்தி இனிமேல் கெட்டிக்கார நகரத்தின் ஓர் அங்கமாகும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கொழும்பில் யாரோ 'ஸ்மார்ட்' என்பதை அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள்.

"இனிமேத்தான் கெட்டிக்காரன்னா, இவ்வளவு நாளா நாங்க மடையனுங்களா?"

போர்டு உடனே கழற்றப்பட்டது. ஆனால் அது பட்டியலின் முதல் வரிதான் என்பது பிறகு தெரிந்தது. ஓர் இளைஞர், இந்தக் கம்பம் பெரட்டுக்கு யார் யார் பிந்தி வருகிறார்கள் என்று தோட்டத்துத் தொரைக்குச் சொல்லப் போகிறதாம் என்றார். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். கோயில் கமிட்டிக்காரர், மாரியம்மன் தேர் வரும்போது கம்பத்தின் கை தேரில் இடிக்கும் என்றார். தேர் எவ்வளவு உயரம் என்று ருவன் டேப்பை எடுத்தபோது கமிட்டிக்காரர் யோசித்துவிட்டு, "அது வருஷத்துக்கு வருஷம் வளரும்ங்க" என்றார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னே வந்தார். கொழுந்துக் கூடை முதுகில், சேலைக்கு மேல் சுற்றும் தடித்த படங்கு இடுப்பில். குரல் மட்டும் பூம் ட்ரக்கை நகர்த்தும்.

"நான் பாக்கியம். நேராக் கேக்கிறேன். அந்தக் கேமரா பீலிப் பக்கம் பாக்குமா பாக்காதா? நாங்க குளிக்கிறத பதுளையில ஒக்காந்து பாக்கப் போறீங்களா?"

மொழிபெயர்த்துச் சொன்னதும் ருவனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. "இல்ல அக்கா! சத்தியமா இல்ல! நான் கேமராவ ரோட்டுக்குத் திருப்புறது. நீங்களே ஏணியில ஏறிப் பாருங்க."

பாக்கியம் அக்கா உண்மையாகவே ஏறிப் பார்த்தார். தரையில் கிடந்த கேமராவை ட்ரக்கின் மேல் வைத்து, அது எந்தத் திசையைப் பார்க்கும் என்று ருவன் திருப்பித் திருப்பிக் காட்டினார். தண்ணீர் கொட்டும் பீலி தெரியவில்லை, வீதியும் தோட்டப் பாதையின் வாயும்தான் தெரிகின்றன என்று தன் கண்ணால் கண்ட பிறகே இறங்கினார். தேருக்காகக் குழியைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தோண்டுவதாகவும் ஒப்புக்கொண்டோம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தலைவர் கடைசியாக ஒன்று சொன்னார். அதில் மட்டும் சிரிப்பு இல்லை.

"நாங்க தண்ணி பைப்பு கேட்டோம். மனு குடுத்தோம், ரோட்டுல ஒக்காந்தோம். பைப்பு வரல்ல. போஸ்ட்டு வந்திருக்கு. இத யாரு கேட்டா?"

ருவன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியாது, ஐயா. எனக்குக் குடுத்தது போஸ்ட்டுதான்" என்றார். அந்த நேர்மை தலைவருக்குப் பிடித்திருக்க வேண்டும். சரி, நடுங்கள் என்று எழுந்தார். எழுந்தவரால் வெளியே வர முடியவில்லை. இறங்கும்போது இருந்த மண்மேடு சரிந்துவிட்டது. ஆட்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள், கதிரை மட்டும் மேலே வந்தது. பூம் ட்ரக் ஓட்டுநர் கயிற்றைக் காட்டி, தூக்கட்டுமா என்று சைகையில் கேட்டார்.

"என்னையும் போஸ்ட்டுன்னு நெனச்சியா?" என்று தலைவர் கத்த, எதிர்ப்புக் கூட்டம் முழுவதும் சிரித்துக் கலைந்தது. ருவன் குழிக்குள் குதித்து அவரைத் தோளில் ஏற்றி அனுப்பினார். அவருடைய வெள்ளைச் சட்டை அன்றோடு வெள்ளைச் சட்டையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது.

2. அழுத்தினால் வருவாயா?

கன்ட்ரோல் ரூம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். சுவர் நிறையத் திரைகள், மூன்று மேசைகள், ஒரு மின்கேத்தல். கேத்தலும் ஏர் கண்டிஷனும் ஒன்றாக வேலை செய்தால் ஃபியூஸ் போகும்.

தோட்டச் சந்திக் கம்பத்துக்கு மின்சாரம் கொடுத்த பிறகு அங்கிருந்து வந்த முதல் அழைப்பை எடுத்தேன்.

"வணக்கம், கட்டுப்பாட்டு அறை. என்ன உதவி வேணும்?"

மூச்சுச் சத்தம். பிறகு ஒரு பெண்குரல் பக்கத்தில் நிற்பவரிடம் இரகசியமாகச் சொன்னது: "உள்ள ஆள் இருக்கு."

"அக்கா, நான் பதுளையிலேருந்து பேசுறேன். ஏதாச்சும் ஆபத்தா?"

"பதுளையில இருக்கிறவ ஏன் போஸ்ட்டுக்குள்ளேருந்து பேசுற?"

"ஃபோன் மாதிரித்தான் அக்கா. நீங்க பேசுறது எனக்குக் கேக்கும்."

"அன்னைக்குக் குழிகிட்ட வந்த புள்ளதானே நீ? நான் பாக்கியம்."

"தெரியும் அக்கா. சொல்லுங்க, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். அழுத்துனா நெசமா வருவியான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதுதான் ஆரம்பம். நான் வருவேன் என்று தெரிந்ததும் தோட்டமே கம்பத்தோடு பேசத் தொடங்கியது. கம்பத்தில் ஒரு சின்னத் திரையில் 'காற்றின் தரம்: நன்று' என்று ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. "மூக்கு இருக்கில்ல?" என்றார்கள். வைஃபைக்கு மட்டும் நல்ல மதிப்பு. பின்னேரத்தில் கம்பத்தடியில் நின்று, வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கும் அம்மாமாரோடு பிள்ளைகள் வீடியோவில் பேசுவார்கள். ஆனால் எல்லாவற்றிலும் மேலான மதிப்பு சிவப்புப் பொத்தானுக்குத்தான்.

"தங்கச்சி, பஸ்ஸுக்காரன் நிப்பாட்டாமப் போயிட்டான். இப்ப பதுளைக்குத்தான் வாறான். புடிச்சு நல்லா ஏசு."

"ரோஸ் புள்ள, பதுளையில மழையா? கொட எடுக்கவா, வேணாமா?"

ஒரு நாள் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு கோழியோடு வந்து பொத்தானை அழுத்தினார்கள். கோழி யாருடையது என்று பதுளை தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. கோழியைக் கீழே விடுங்கள், அது எந்த வீட்டுக்குள் போகிறதோ அந்த வீட்டுக்குச் சொந்தம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் அழைப்பு. கோழி நேரே தலைவர் வீட்டுக்குள் போய்விட்டது. இப்போது மூன்று கட்சிகள்.

உண்மையான ஆபத்துகளும் வந்தன. மரம் விழுந்து பாதை மூடியது, ஒரு குழந்தைக்கு வலிப்பு, ஒரு லொறி வீதியோரக் கானுக்குள் இறங்கியது. அவற்றையெல்லாம் உரிய இடத்துக்கு உடனே அனுப்பினோம். ஆனால் பெரும்பாலானவை கோழி வகைதான்.

ஒரு தடவை பாக்கியம் அக்காவிடம் கேட்டேன்: "கையில ஃபோன் இருக்கே அக்கா, பஸ் டிப்போவுக்கு நீங்களே எடுத்துக் கேக்கலாமே?"

"எடுக்காமலா? கவர்மெண்ட்டுக் கந்தோருக்கு எடுத்தா சிங்களத்துல என்னமோ கேப்பாங்க. நான் 'தமிழ், தமிழ்'னு கத்துவேன். கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு ஒரு பாட்டுப் போடுவாங்க. பாட்டு முடியும், ஃபோனும் செத்துரும். நீதான் கேட்ட ஒடனே பதில் சொல்ற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. கூரையை முட்டிய தூண்

ஒவ்வொரு அழைப்புக்கும் நாங்கள் கணினியில் ஒரு டிக்கெட் திறந்து பதிய வேண்டும். அதற்குக் கேட்டகரி போட வேண்டும். குற்றம், விபத்து, தீ, மற்றவை. இந்த நான்குதான். மழை, பஸ், கோழி எல்லாம் 'மற்றவை'க்குள் போகும். அழைப்புகளை எண்ணிக் காட்டும் டாஷ்போர்டில் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு தூண் வரையப்பட்டிருக்கும். எங்கள் தோட்டச் சந்தியின் 'மற்றவை' தூண் மட்டும் திரையின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

கொழும்பிலிருந்து ஆலோசகர் ஹரிஷ் அதைப் பார்க்கத்தான் வந்தார். தமிழர், இளம் வயது, சுறுசுறுப்பானவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வரும்போது எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார்.

"இது மிஸ்யூஸ், மிஸ் ரோஸ்லின். எமர்ஜென்சி பட்டன அழுத்திக் குடை எடுக்கவான்னு கேக்கிறாங்க. ஸ்மார்ட் சிட்டின்னா போஸ்ட் மாத்திரம் ஸ்மார்ட்டா இருந்தாப் போதாது, சிட்டிசன் பிஹேவியரும் மாறணும்."

"அவங்களுக்குத் தமிழ்ல கேக்க வேற இடமில்ல சேர்."

"அதுக்கு நாங்க என்ன செய்யலாம்? நாங்க எமர்ஜென்சி சேர்விஸ்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் செய்த தீர்வுதான் நியாயத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் தோட்டச் சந்தியின் அழைப்புகள் என்னிடம் வருவதற்கு முன் ஒரு ரெக்கார்டிங் குறுக்கே வைக்கப்பட்டது. அவருடைய அலுவலகத்துப் பெண் ஒருவர் அழகாக, நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தார்: "வணக்கம். தங்கள் அழைப்பு எமக்கு மிகவும் முக்கியமானது. விபத்து எனில் ஒன்றை அழுத்தவும். தீ எனில் இரண்டை அழுத்தவும். குற்றம் எனில் மூன்றை அழுத்தவும்."

"சேர், போஸ்ட்டுல இருக்கிறதே ஒரு பொத்தான்தான்" என்றேன்.

"தெரியும். அடுத்த ஃபேஸ்ல கீபேட் வருது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பொறுமையாக் காத்திருந்தா தானா ஒங்களுக்குக் கனெக்ட் ஆகும்."

யார் காத்திருப்பார்கள்? ஒன்றை அழுத்தச் சொன்னால் மனிதர்கள் அழுத்தத்தானே செய்வார்கள். எங்கள் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால் அழைப்பு துண்டிக்கப்படும். அதாவது, சொன்னபடி நடந்தவர் ஒருவர்கூட என்னை வந்து சேரவில்லை.

கொஞ்ச நாளில் தலைவர் சுப்பையா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தலைப்பாகை, குடை, உடன் இருவர்.

"அந்தப் பொம்பளய மாத்தும்மா."

"எந்தப் பொம்பள, தலைவர்?"

"போஸ்ட்டுக்குள்ள புதுசா வந்திருக்காளே, அவதான். நாம பேசப் பேச அவ பாட்டுக்குப் பேசுறா. ஒங்க அழைப்பு முக்கியம்ங்கிறா. முக்கியம்னா என்னா ஏதுன்னு கேக்க வேணாமா?"

"அது ஆள் இல்ல, தலைவர். ரெக்கார்டிங்."

தலைவர் உடன் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்ல வேணாமா? நம்ம பாக்கியம் அவள கன்னாபின்னான்னு ஏசிட்டு, பாவம் அதுவும் வேலைக்கு வந்த புள்ளதானேன்னு மறுநா போயி மன்னிப்பு வேற கேட்டுச்சு."

"என்ன சொல்லிச்சாம்?"

"வணக்கம்னு சொல்லிச்சாம்."

ருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் முறைப்பாட்டை அன்றே கொழும்புக்குச் சொன்னேன். கீபேட் வருகிறது என்ற பதிலே மீண்டும் வந்தது. நானே அடுத்த முறை சந்திக்குப் போய், அழுத்திவிட்டுப் பேசாமல் காத்திருங்கள், நான் வருவேன் என்று விளக்கிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். ஆனால் ஒரு மாதிரியான தலையாட்டல் அது. அரசாங்கக் கந்தோர்களில் அவர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி.

கூரையை முட்டிய தூண் சரசரவென்று இறங்கிக் குட்டையாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஹரிஷ் அதைப் பெரிய திரையில் போட்டு, "பிஹேவியர் சேஞ்ச்!" என்றார். கைதட்டினார்கள். கேக்கும் வந்தது.

4. குளவி

மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகல். நான் பதுளை பஸ் நிலையத்திலிருந்து வந்த அழைப்பு ஒன்றை முடித்துவிட்டுத் திரைகளை மேய்ந்துகொண்டிருந்தேன். தோட்டச் சந்தித் திரையில் பெண்கள் ஓடி வந்தார்கள்.

படங்குச் சேலையைத் தலையில் போர்த்திக்கொண்டு, கைகளை வீசி அடித்துக்கொண்டு, தோட்டப் பாதையிலிருந்து வீதிக்கு ஓடி வந்தார்கள். தேயிலை மலையில் வளர்ந்த யாருக்கும் அந்த ஓட்டம் என்னவென்று தெரியும். குளவி. மலையில் கூடு கலைந்தால் துரத்தித் துரத்திக் கொட்டும். உயிர் போனதும் உண்டு.

அவர்கள் கம்பத்தைக் கடந்து ஓடினார்கள். சிவப்புப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருவரும் தொடவில்லை. நடுவீதியில் நின்று போகிற வாகனங்களை மறித்தார்கள். ஒரு வேன் வளைத்துக்கொண்டு போய்விட்டது. ஓர் இளம்பெண் மட்டும் ஓட முடியாமல் வந்து கம்பத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவள் முதுகு பொத்தானில் பட்டிருக்கிறது. ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்தது. என் காதுக்கு அழைப்பு வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே குளவிக்கு நடுவில் அந்த அழகான குரல், தங்கள் அழைப்பு எமக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. முகம் வீங்கிய ஒரு பெண் திரும்பி, படங்கைச் சுழற்றிக் கம்பத்தை ஓங்கி அடித்தார். பாக்கியம் அக்கா.

ரெக்கார்டிங் ஓடும்போது அதை நிறுத்த ஆபரேட்டருக்கு அனுமதி இல்லை. பாஸ்வேர்ட் பொறியியலாளரிடம் மட்டும்தான்.

"ருவன் சேர்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை ஆட்களும் எழுந்தார்கள். அவர் பிளேன்டீ கோப்பையோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். கோப்பையைக் கீபோர்ட் ஓரத்திலேயே வைத்துவிட்டுப் பாஸ்வேர்ட் அடித்தார். பிழை என்றது. மறுபடி அடித்தார். பிழை என்றது.

"அடேய், இதுக்கு ஒரு வயர் இருக்கிறதுதானே!" என்று மேசைக்குக் கீழே பாய்ந்தார். ரெக்கார்டிங் ஓடும் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் கேத்தலும் விழுந்தது.

நான் மைக்கைத் திறந்தேன்.

"அக்கா! பாக்கியம் அக்கா! ரோஸ்லின் பேசுறேன். குளவியா?"

திரையில் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"இப்பதான் வாய் தெறந்துச்சா ஒனக்கு?" என்று பாக்கியம் அக்கா வீங்கிய வாயோடு கத்தினார். "குளவிதான்டி! தர்ஷினிக்கு மூச்சு வாங்குது!"

"அம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் எல்லாரும் சந்திக் கடைக்குள்ள போங்க. தர்ஷினிய தூக்கிட்டுப் போங்க. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க. கடைக்கார அண்ணா, கேக்குதா? கதவத் தெறங்க!"

கடைக்காரர் குளவிக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தார். வீதி முழுக்க அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் அலறவும், சாத்தி வைத்திருக்க அவருக்கு வெட்கமாகியிருக்க வேண்டும். திறந்தார். இந்தப் பக்கம் ருவன் ஒரு கையில் அம்புலன்ஸுக்கும் மறு கையில் ஆஸ்பத்திரிக்கும் ஃபோனை வைத்துக்கொண்டு சிங்களத்தில் பேசினார். அம்புலன்ஸ் வந்து தர்ஷினியை ஏற்றும் வரை நான் மைக்கை விடவில்லை. கடைக்குள் என் குரல் கேட்டிருக்காது. ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. இருக்கேன், இருக்கேன் என்றுதான் சொன்னேன் என்று ருவன் பிறகு சொன்னார்.

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தர்ஷினி மூச்சுக் கவசத்தோடு படுத்திருந்தாள். ஆபத்து கடந்துவிட்டது என்றார் தாதி. பக்கத்துக் கட்டிலில் பாக்கியம் அக்கா. ஒரு கண் முழுவதும் மூடி, உதடு தடித்து, அடையாளமே தெரியவில்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஏன் அக்கா பொத்தான அழுத்தல்ல? நான் அங்கதான இருந்தேன்?"

"நீ இருக்கிறது தெரியும்டி. அவள தாண்டித்தானே ஒன்கிட்ட வரணும்?"

பிறகு அவர் தன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னைய இப்படிக் கேமராவுல பாத்தீங்களா? போயும் போயும் இன்னைக்கா பாக்கணும்" என்றார். பக்கத்துக் கட்டிலில் தர்ஷினி கவசத்துக்குள்ளேயே சிரித்தாள். தாதி வந்து எங்களை அதட்டினார்.

5. கோச்சி பிந்தி வரும்

சம்பவத்தைப் பற்றிக் கொழும்பில் தயாரான அறிக்கையில், ஸ்மார்ட் கேமரா ஆபத்தைக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தார்கள். ஹரிஷ் அதை எங்களுக்கு வாசித்துக் காட்ட வந்தபோதுதான் ருவன் கோபப்பட்டு நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"கேமரா ஒண்டும் கண்டுபுடிக்கல்ல சேர். மிஸ் பாத்தது. நான் வயர் புடுங்கினது. அவ்வளவுதான். வயர் இப்பவும் புடுங்கினபடிதான் இருக்கிறது. நீங்க வேணும்னா போடுங்க, நான் போடுறது இல்ல."

ஹரிஷ் கோபிக்கவில்லை. குனிந்து அந்த வயரைப் பார்த்தார். பிறகு, ஒரு நாள் முழுக்க இங்கே உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்கலாமா என்று கேட்டார். என் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார்.

அன்று மதியம் நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது என் இடத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஹரிஷ் உட்கார்ந்திருந்தார். தோட்டச் சந்தி அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்த பாக்கியம் அக்காதான். அவருடைய மகள் கண்டியிலிருந்து கோச்சியில் வருகிறாளாம். எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். அது நேரத்துக்கு வருமா என்று கேட்டிருக்கிறார். ஹரிஷ் தன் ஃபோனில் தேடி, கிடைக்காமல், ருவனை ஸ்டேஷனுக்குப் பேச வைத்து, விஷயத்தை அறிந்து, மைக்குக்கு முன்னால் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ட்ரெயின் லேட்டாத்தான் வருமாம். ரொம்ப லேட். மன்னிச்சுக்கோங்க."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கிற தம்பி? கோச்சிய நீயா ஓட்டுற?" என்றது மேசையிலிருந்த ஸ்பீக்கர். "கேட்டுச் சொன்னியே, அதுவே பெரிசு."

ஹரிஷ் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். ரெக்கார்டிங் அதற்குப் பிறகு ஓடவில்லை. கீபேட்டும் வரவில்லை. இரண்டாம் கட்டத்தில் அதற்குப் பதிலாக, தமிழ் பேசும் இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். சாதாரணக் கேள்விகளுக்கு ஒரு தனி இலக்கமும், அவசரத்துக்குப் பொத்தானும் என்று பிரித்தோம். தோட்டத்து ஆட்கள் அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். தனி இலக்கத்திலும் ஆள் பேசுகிறதா என்று மட்டும் முதல் நாள் ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றும் இல்லை. நகரத்தை ஸ்மார்ட் ஆக்குவதைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் நிறையச் சொல்லித் தருவார்கள். சனங்கள் புதியதை ஏற்க மாட்டார்கள், அவர்களுடைய பழக்கத்தை மாற்ற வேண்டும் என்றும் சொல்வார்கள். நான் கண்டது அப்படி இல்லை. கம்பத்தை வேண்டாம் என்றவர்கள்தான் அதை எல்லோரையும் விட அதிகமாகப் பாவித்தார்கள். பதில் வந்த வரைக்கும் பாவித்தார்கள், பதில் நின்றதும் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அழைப்பு வந்தால் எடுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைக் கேட்டுச் சொல்லுங்கள். கோழி வழக்கு வந்தால் மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.